சுவருக்குள் தூங்குகிற படம்

மகள் கஞ்சிக்கு உப்புப் போட்டுவிட்டுப் போன் பேசப் போனாள். பேசிவிட்டு வந்தவள், போட்டதை மறந்து இன்னொரு தரம் போட்டாள். தன் கிண்ணத்தில் ஒரு வாய் வைத்ததுமே முகம் அஷ்டகோணலாகி, தொட்டிக்கு ஓடித் துப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அம்மா தன் கிண்ணத்தை அடிவரைக்கும் குடித்து முடித்திருந்தாள்.

"ஏம்மா, உனக்குக் கரிக்கலயா?"

"கரிச்சுதா?"

"ரெண்டு வாட்டி உப்புப் போட்டுத் தொலைச்சிருக்கேன். மனுஷி வாயில வைக்க முடியாது."

"சூடா இருந்துது. குடிச்சுட்டேன்."

அம்மா கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். மகள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா போனதிலிருந்து இப்படித்தான். அழவில்லை, புலம்பவில்லை, படுத்துக்கொள்ளவும் இல்லை. பெட்டிக்குள் அவரைக் கிடத்தியிருந்தபோது, எதிர்வீட்டுத் தையல்காரர்தான் தேம்பித் தேம்பி அழுதார். இவள் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வந்தவர்களெல்லாம் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது உடைவாள், இப்போது உடைவாள் என்று காத்திருந்து, கால் வலித்து, வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அவளுக்கே அது விளங்கவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்த்துக்கொள்வோமே, அப்படித் தன்னையே கிள்ளிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கூடவே வாழ்ந்த மனிதர் போய்விட்டார் என்று மனசுக்குள் சொல்லிப் பார்ப்பாள். யாரோ பக்கத்து ஊர்க்காரர் போய்விட்டார் என்று காதில் விழுகிற மாதிரி இருக்கும். ஒரே ஒரு விஷயம் மட்டும் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. அது துக்கம் இல்லை, ஒரு கேள்வி. அவருக்குத் தெரியுமா, தெரியாதா?

அதற்கு இன்றைக்கு விடை கிடைக்கும் என்று அவள் நினைக்கவில்லை. இன்றைக்குச் சுவரைச் சுரண்ட ஒரு பெண் வருகிறாள் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

"ஒன்பது மணிக்கு வந்துருவாங்கம்மா. கீழ கூடத்தத் திறந்து வெச்சிருக்கேன். நீ மேலயே இரு. தூசி பறக்கும்" என்றாள் மகள்.

"நான் பார்க்காத தூசியா?" என்று சொல்லிவிட்டு அம்மா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினாள்.

கீழ்த்தளம் ஒரு காலத்தில் தகரப்பெட்டிக் கடை. மாமனார் வைத்தது. புதுப்பெட்டியைவிடப் பழைய பெட்டியில்தான் அவருக்குக் கை அதிகம். துருப்பிடித்த பெட்டியை அடிமாட்டு விலைக்கு வாங்கிவருவார். காரச்சோடாவைக் கரைத்துப் பூசினால் பழைய பெயிண்ட் தோல் உரிகிற மாதிரி உரிந்துவரும். ஒடுக்கு விழுந்த இடத்தைப் பச்சைப் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, மேலே புதுப் பெயிண்ட் அடித்து, சாவி ஒன்றையும் தொங்கவிட்டு, புத்தம் புதுசு என்று விற்றுவிடுவார். பட்டிக்குப் பச்சைத்தூளை அவரே கலந்துகொள்வார். ஊரில் வேறு எந்தப் பெட்டிக்கடையிலும் பச்சைப் பட்டி கிடையாது. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் இவளும் அந்தத் தொட்டியடியில் உட்கார்ந்து பெயிண்ட் உரித்தவள்தான்.

மாமனார் கண்ணை மூடியதும், அவர் மகன், இவள் வீட்டுக்காரர், முதல் வேலையாகப் பெட்டிகளை மொத்தமாகத் தள்ளிவிட்டார். அலமாரிகளைப் பிடுங்கினார். சுவர் முழுக்க வெள்ளையடித்தார். அப்புறம் படங்களைக் கொண்டுவந்து மாட்டினார்.

படம் என்றால் ஊருக்குத் தெரிந்த படம் இல்லை. ஆறு, படகு, மாலை வெயில், குடம் தூக்கின பெண் எதுவும் அதில் கிடையாது. ஒன்றில் சாக்குத்துணியைத் தைத்து ஒட்டியிருக்கும். ஒன்றில் கறுப்பாக ஒரு சதுரம், அதன் நடுவே நெருப்பு வைத்த ஓட்டை. ஒன்றில் மூன்று கோடு, அவ்வளவுதான். இந்த மாதிரிப் படத்துக்கென்று அந்த ஊரில் முதல்முதலாகத் திறந்த கூடம் அதுதான். பத்திரிகைக்காரன் ஒருவன் வந்து பார்த்துவிட்டு, தகரப்பெட்டி இருந்த இடத்தில் குப்பைத்தொட்டி என்று எழுதினான். அவர் அதை வெட்டி எடுத்து வாசல் கண்ணாடியிலேயே ஒட்டிவைத்தார். நாலு பேர் சிரிக்க வருவார்கள், அதில் ஒருத்தன் நின்று பார்ப்பான் என்பது அவர் கணக்கு. அந்த ஒருத்தனுக்காக எத்தனை வருஷம் வேண்டுமானாலும் கதவைத் திறந்து வைத்திருப்பார் போலிருந்தது.

வாங்க ஆள் வராது. வாங்க ஆள் வராத படத்தை அவரே வாங்கிக்கொள்வார். அப்படியே பெரிய சேகரிப்பாளர் ஆகிவிட்டார். படம் போடுகிற பையன்கள் அவரைப் பெட்டிக்காரர் என்றார்கள். இவளை மாடிக்காரம்மா என்றார்கள், மாடியிலிருந்து டீ இறங்கிவரும் என்பதால்.

கூடத்துக்குச் சில சட்டங்கள் உண்டு. உள்ளே நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் ஊர்க்கதை பேசுவார்கள். உள்ளே எதையும் தின்னக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், ஒருவனுடைய காட்சி முடிந்த மறுநாளே சுவர் முழுக்க வெள்ளையடித்தாக வேண்டும். "அடுத்தவன் வந்து நிக்கும்போது முந்தினவன் மாட்டுன ஆணி ஓட்டை கூட அவன் கண்ணுல படக் கூடாது. இதுதான் முதல் சுவர்னு அவனுக்குத் தோணணும்" என்பார். சொல்வது அவர், அடிப்பது இவள். சுண்ணாம்பைத் தகர டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊற்றி, ஒரு சிட்டிகை நீலம் கலந்து, ஏணி போட்டு ஏறினால், பொழுது சாய்வதற்குள் கூடம் பளிச்சென்று ஆகிவிடும். ஆள் வைத்தால் திட்டுத்திட்டாக அடிக்கிறார்கள் என்று அவளே அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அது பிடித்தும் இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவர் தினமும் ஒன்று கேட்பார்.

"இன்னிக்கு எது உன்னப் பார்த்துச்சு?"

நீ எதைப் பார்த்தாய் என்று கேட்க மாட்டார். "அந்தச் சாக்கு பார்த்துச்சு" என்பாள். "ஏன்?" என்பார். "தச்சவன் ஊசி புடிக்கத் தெரியாதவன். ஆனா அவசரத்துல தச்சிருக்கான். ஏதோ கிழிஞ்சத மூடுற அவசரம்" என்பாள். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு இவளைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே பகலில் இரண்டு தரம் கீழே போய் எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டு வருவாள்.

ஒரு நாள் அந்தக் கேள்வி நின்றுபோயிற்று. அப்புறம் அவர் சாகிறவரைக்கும் அதைக் கேட்கவில்லை.

*

சுரண்ட வந்த பெண் ஒல்லியாக, தலையைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு, ஒரு மரப்பெட்டியோடு வந்தாள். பெட்டிக்குள் ஆஸ்பத்திரிக் கத்தி மாதிரி கத்திகள், பஞ்சு, பூதக்கண்ணாடி, நெற்றியில் கட்டுகிற விளக்கு. பழைய சுவர்களைத் திறந்து உள்ளே இருக்கிற படத்தை வெளியே கொண்டுவருவதுதான் அவளுக்குப் பிழைப்பு. சுவரில் காதை வைத்து விரலால் தட்டிப் பார்த்தாள்.

"வைத்தியர் மாதிரி தட்டுறாங்களே" என்று வாசலில் நின்று சொன்னார் தையல்காரர். அளவு டேப் இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. "இருமச் சொல்லுங்க, இருமுதா பாப்போம்."

"வாங்கண்ணே" என்றாள் அம்மா.

"வராம இருப்பேனா? இந்தக் கூடத்துக்கு மொத ரசிகன் நான்தான். சரி, ஃபேன் காத்துக்குத்தான் வந்தேன், இல்லேங்கல. ஆனா வந்தேனா இல்லையா?" என்றவர், சுவரைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "இதுலதான ஏணி வரைஞ்சான்?"

ஏணி என்பது ஒரு படக்காரனின் பெயர், பையன்கள் வைத்தது. அத்தனை உயரம். கான்வாஸ் வாங்க வக்கில்லாமல் ஒரு மழைக்காலத்தில் இங்கே வந்து சேர்ந்தான். பரணில் மாமனார் காலத்துப் பெட்டிப் பெயிண்ட் டப்பாக்கள் கிடந்தன, பச்சையும் கறுப்பும், கொஞ்சம் சிவப்பும். அதை எடுத்து இந்த நீளச் சுவர் முழுக்க வரைந்தான். இன்னொருத்தருக்கு ஏணி வேண்டும். இவன் எம்பினாலே கூரைக்கு எட்டும். மழை ஒன்று சுவரோடு படுத்துக்கொண்டு குறுக்கே பெய்கிற மாதிரி இருந்தது அந்தப் படம். ஊர் வழக்கம்போலச் சிரித்துவிட்டுப் போனது. அவன் காட்சி முடிந்த அன்றைக்கே வேறு தேசத்துக்குக் கப்பலேறிவிட்டான். அங்கே போய்ப் பெரிய ஆளாகி, பேரும் புகழுமாக வாழ்ந்து, இவருக்கு ஒரு வருஷம் முன்னால் செத்தும் போனான். அவன் வரைந்ததில் மிகப் பெரியது இந்தச் சுவர்தான் என்று இப்போது புத்தகங்களில் போடுகிறார்கள்.

"மாமா, அப்பா ரேடியோல சொன்னது ஞாபகம் இருக்கா?" என்றாள் மகள். "அந்தப் படம் எங்க போச்சுன்னு கேட்டப்ப?"

"மறக்குமா? 'அது எங்கயும் போகல. தூங்குது. நாங்கதான் அத வெள்ளைக்குள்ள தூங்க வெச்சோம். அடுத்தவனுக்கு இடம் விடணும்ல' அப்படின்னாரு. ஊரே மெச்சுச்சு. தான் கொண்டாடுன படத்தையே மூடுன கூடம் உலகத்துல எங்க இருக்குன்னு எழுதுனாங்க."

"இன்னிக்கு எழுப்பப் போறோம்" என்றாள் மகள். அவள் குரலில் அப்பா தெரிந்தார். இந்தக் கூடத்தை அப்பா பேரில் காட்சியகமாக ஆக்க அவள்தான் அலைந்து திரிந்து, பணம் போட ஒரு குழுவைப் பிடித்திருந்தாள். சுவரில் படம் வெளிப்பட்டால்தான் அதெல்லாம் நடக்கும்.

அம்மா சுரண்டுகிற பெண்ணுக்கு டீ நீட்டினாள்.

"ஏம்மா, ஒண்ணு சொல்றேன். அதுல ஒண்ணும் இருக்காது."

பெண் டீயை வாங்கிக்கொண்டு சிரித்தாள். "எல்லா வீட்டுலயும் இப்படித்தான் சொல்வாங்கம்மா. சுண்ணாம்பு நல்லது. அடியில இருக்கறத அப்படியே காப்பாத்தி வெச்சிருக்கும்."

"சுண்ணாம்பு எண்ணெய்ப் பெயிண்ட் மேல நிக்காதும்மா. அடிச்சா வழியும், காஞ்சா செதில் செதிலா வரும். அது பெட்டிக்கு அடிக்கிற பெயிண்ட். அதனால காரச்சோடா போட்டேன்."

தையல்காரர் டேப்பைச் சுருட்டத் தொடங்கினார்.

"என்ன போட்ட?" என்றாள் மகள்.

"காரச்சோடா. பழைய பெட்டி உரிக்கிற மாதிரி. கரைச்சுப் பூசி, ஊற வெச்சு, தகடு வெச்சு வழிச்சு, கம்பி பிரஷ்ஷால தேச்சு, சிமெண்ட் வரைக்கும் போயிட்டேன். அப்புறம்தான் சுண்ணாம்பு."

"ஏம்மா?"

"மறுநாள் சுவர் வெள்ளையா இருக்கணும்ல."

அம்மா அதைச் சொன்ன விதத்தில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. அடுப்பை ஏன் அணைத்தாய் என்றால் சமையல் முடிந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். சட்டத்தைச் சொன்னவர் அடுத்த படக்காரனின் படங்களை ஏற்றிவர லாரியோடு வெளியூர் போயிருந்தார். இந்தச் சுவரை மட்டும் விட்டுவிடு என்று சொல்லிவிட்டுப் போக அவருக்குத் தோன்றவில்லை. சொல்லாமலே தெரியும் என்று நினைத்திருப்பார். இவள் டிரம்மைக் கிளறிக்கொண்டே ஒரு தரம் யோசித்தாள்தான். கழற்றி எடுக்கிற படமென்றால் கழற்றி எடுத்துவிட்டு அடிக்கலாம். சுவரே படமாக இருந்தால் சுவர் யாருடையது? அடுத்தவனுடையது. அப்படித்தான் அவர் சொல்லிக்கொடுத்திருந்தார். நல்ல படத்தையும் தயங்காமல் எடுத்தாள் என்று அவர் மெச்சுவார் என்றுகூட நினைத்தாள். ஏனென்றால் முதல்நாள் ராத்திரிதான் அவர் கேள்விக்கு, "அந்த மழைதாங்க என்னப் பார்த்துது. இது வரைக்கும் எதுவும் அப்படிப் பார்த்ததில்ல" என்று சொல்லியிருந்தாள்.

"அப்பாகிட்ட சொன்னியா?" என்றாள் மகள்.

"அவர் வந்தாரு. வாசல்ல நின்னு பார்த்தாரு. ஒண்ணும் கேக்கல. மேல வந்து சாப்பிட்டாரு. தட்டுல கை கழுவுனாரு. கேக்காதப்ப நான் என்னத்தச் சொல்ல?"

"கை வெந்திருக்குமே உனக்கு. காரச்சோடா ஆச்சே."

"வெந்துச்சு. துணி சுத்தியிருந்தேன். என்னன்னு கேட்டாரு. வெந்நீர் கொட்டிருச்சுன்னேன்."

"அப்ப அப்பாவுக்கு நீ உரிச்சது தெரியவே தெரியாது." மகளின் முகம் வெளுத்திருந்தது. "வெறுமனே மேல சுண்ணாம்பு அடிச்சிருக்கேன்னு நெனச்சுக்கிட்டு, உள்ள இருக்கு, உள்ள இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு... சாகற வரைக்கும் இந்தச் சுவரயே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாரேம்மா. ஒரு நாள் எழுப்பலாம்னுதான. அவர நீ அப்படியே நம்ப விட்டுட்டியா?"

"அதான் எனக்கும் தெரியல" என்றாள் அம்மா. "தெரிஞ்சா தேவல."

தையல்காரர் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றார். "விடும்மா. பெத்தவகிட்ட இப்படியா பேசுவ? அந்தக் காலத்துல நீ பாவாடையில ஊளைமூக்கோட சுத்திக்கிட்டு இருந்த. ஒருத்தி தனியா இம்புட்டுச் சுவத்தயும் உரிச்சிருக்கா. நான்லாம் ஒரு பட்டன் பிரிக்கவே ரெண்டு டீ கேப்பேன்."

சுரண்டுகிற பெண் மெதுவாகச் சொன்னாள். "அம்மா சொல்றது சரியா இருந்தாலும் ஓரத்துல, மூலையில எங்கயாவது ஒட்டிக்கிட்டு இருக்கும். மனுஷக் கைதான. எதையாவது விட்டிருக்கும். பார்த்துருவோம்."

*

வெயில் ஏறிக்கொண்டே வந்தது. தெருவில் குளிர்பான வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான். பெண் நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு தோள் உயரத்தில் ஒரு சதுரம் கீறினாள். கத்தி நுனியால் ஒவ்வொரு படலமாகத் தூக்கினாள். சுண்ணாம்பு வெங்காயத்தோல் மாதிரி உரிந்து விழுந்தது. அம்மா விளக்குமாறோடு கீழே குந்தி, விழுகிறதை விழுகிறதைக் கூட்டி அள்ளினாள்.

முதல் சதுரத்தில் கடைசியாகச் சிமெண்ட் வந்தது. ஜன்னலோரம் திறந்தாள். சிமெண்ட். கூரையை ஒட்டி ஏணியில் ஏறித் திறந்தாள். பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தாள். சிமெண்ட்.

"மூலையக் கூட விடலியேம்மா நீங்க" என்றாள் இறங்கி வந்து. அவள் குரலில் பாதி ஏமாற்றம், பாதி மரியாதை.

"மூலையில விட்டா திட்டு தெரியும்" என்றாள் அம்மா.

பெண் சதுரத்தின் விளிம்பைக் காட்டினாள். அடுக்கடுக்காக, தாள் கட்டு மாதிரி, வெள்ளைமேல் வெள்ளை. ஒன்று கொஞ்சம் நீலம் கூடி, ஒன்று கொஞ்சம் பழுத்து. "இதெல்லாம் ஒவ்வொரு காட்சிக்கும் அடிச்சதா?"

"ஆமா. இந்த நீலம் கூடுனது எனக்குத் தெரியும். அன்னிக்கு இவளுக்குக் காய்ச்சல். கை தவறிக் கொட்டிட்டேன்."

மகள் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். ஜன்னலண்டை போய் நின்றுகொண்டாள். குழுவுக்கு என்ன சொல்வது, அப்பா ரேடியோவில் சொன்னதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவள் முதுகே யோசித்துக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு இடம்தான் பாக்கி" என்றாள் பெண். "இந்த மேசைக்குப் பின்னாடி."

அது அவருடைய மேசை. நாற்காலியே ஆகாது என்ற கூடத்தில், அவர் ஒருவருக்கு மட்டும் ஒரு மேசையும் முக்காலியும், சுவரோடு சுவராக. அது எப்போது அங்கே வந்தது என்று அம்மா யோசித்தாள். முன்பு வாசலோரம் கிடந்தது. ஏணி போன பிற்பாடுதான் இங்கே வந்திருக்க வேண்டும். வெள்ளையடிக்கும்போதுகூட அதை நகர்த்தவிட மாட்டார். "அது கிடக்கட்டும், அடியில பூந்து அடிச்சுரு" என்பார். இவளும் ஒவ்வொரு தரமும் அடியில் படுத்துக்கொண்டு அடிப்பாள்.

தையல்காரரும் மகளும் மேசையைத் தூக்கி நகர்த்தினார்கள். பெண் தரையில் உட்கார்ந்து சுவரைத் தட்டினாள். நிறுத்தினாள். மறுபடி தட்டினாள்.

"இங்க சத்தம் வேற மாதிரி வருது."

மகள் ஓடிவந்து பக்கத்தில் மண்டியிட்டாள். பெண் கீறினாள். படலம் படலமாக எடுத்தாள். அவள் கை இப்போது இன்னும் மெதுவாகப் போயிற்று. விளக்கின் வட்டத்துக்குள் வெள்ளை, வெள்ளை, வெள்ளை. அப்புறம் பச்சை.

"அம்மா" என்றாள் மகள். "பச்சைம்மா. இருக்கு. அப்பா சொன்னது சரிதான்."

பெண் பஞ்சை நனைத்து ஒற்றி எடுத்தாள். கத்தி முனையால் லேசாகக் குத்திப் பார்த்தாள். உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரம் முழுசாகத் தெரிந்ததும் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இது பெயிண்ட் இல்ல" என்றாள். "பட்டி. யாரோ இங்க சுண்ணாம்பச் சுரண்டிச் சிமெண்ட் வரைக்கும் போயிருக்காங்க. சின்னதா, சதுரமா. அப்புறம் பட்டி வெச்சு அடைச்சு, தேச்சு, மேல சுண்ணாம்பு தொட்டு மறைச்சிருக்காங்க. கை தேர்ந்த ஆளு. வெளிய இம்மியும் தெரியல."

"எலக்ட்ரிக்காரன் யாராச்சும் ஒயர் இழுக்க..." என்றார் தையல்காரர்.

"எலக்ட்ரிக்காரன் பச்சைப் பட்டிக்கு எங்க போவான்?" என்றாள் அம்மா. விளக்குமாறைக் கீழே போட்டுவிட்டுச் சுவருக்கு அருகே வந்தாள். முட்டி ஒத்துழைக்கவில்லை. மகள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இது எப்ப வெச்சதுன்னு சொல்ல முடியுமாம்மா?"

பெண் விளிம்பை விளக்கில் காட்டினாள். "பாருங்க. மத்த எல்லா வெள்ளையும் இதுக்கு மேல ஓடுது. வெட்டுப்பட்டிருக்கறது ஒரே ஒரு அடுக்குதான், எல்லாத்துக்கும் அடியில இருக்கறது. நீங்க உரிச்சுட்டு மொதல்ல அடிச்சீங்களே, அது. அடுத்த வெள்ளை அடிக்கறதுக்கு முன்னாடியே இதச் செஞ்சு முடிச்சிருக்காங்க."

பட்டியின் ஒரு மூலையில், அழுத்தி வைத்த இடத்தில், ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. தேய்க்கும்போது அந்தப் பள்ளத்துக்குள் உப்புத்தாள் போகவில்லை. ரேகைக்கு நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பிளவு.

சிறுவயதில் அவருக்குத் தகரம் வெட்டிய விரல் அது. ஆஸ்பத்திரியில் கடைசி ராத்திரி முழுக்க அவள் பிடித்துக்கொண்டிருந்த விரலும் அதுதான். வேறு எதையும் பிடிக்கத் தோன்றாமல் அந்தப் பிளவில் தன் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவருக்குத் தெரியும்" என்றாள் அம்மா.

மகள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"அந்த மாசமே தெரியும். படம் இருக்குதான்னு பார்த்திருக்காரு. நான் இல்லாத நேரமாப் பார்த்து, சின்னதாச் சுரண்டி. இல்லேன்னதும் மூடிட்டாரு. மேசையக் கொண்டாந்து முன்னாடி போட்டுக்கிட்டாரு." அவள் பேச்சு ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. "எல்லாம் தெரிஞ்சுதான் தூங்குது, தூங்குதுன்னு சொல்லியிருக்காரு. நாங்க தூங்க வெச்சோம்னு. நாங்கன்னு."

"உன்ன யாரும் ஒண்ணும் சொல்லிறக் கூடாதுன்னா?" என்றாள் மகள்.

"எனக்கென்னடி தெரியும்? இருக்கும். என்கிட்ட கேட்டிருக்கலாம். வெந்துச்சான்னு கேட்டிருக்கலாம். அதுக்கப்புறம் எது உன்னப் பார்த்துச்சுன்னு ஒரு நாளும் கேக்கல. கோவம்னு நெனச்சேன். கேட்டா இந்தச் சுவத்துலதான் போய் முட்டும்னு அவருக்குப் பயமோ என்னமோ." தலையைத் தூக்கிப் பரணைப் பார்த்தாள். பிறகு, "பரண்ல ஒரு கிளவுஸ் கிடக்கும். தேடிப் பாரு" என்றாள்.

"என்ன கிளவுஸ்?"

"ரப்பர் கிளவுஸ். அடுத்த காட்சிக்கு வெள்ளையடிக்கப் போனப்ப டிரம் மேல இருந்துது. புதுசு. அவர்தான் வாங்கி வெச்சிருந்தாரு. ஒண்ணும் சொல்லல. நான் அதக் குத்திக் காட்டறாருன்னு எடுத்துக்கிட்டேன். அடிக்கிறதுதான் அடிக்கிற, ஒழுங்கா அடின்னு சொல்ற மாதிரி. தொடவே இல்ல. தூக்கிப் பரண்ல போட்டேன்."

மகள் ஏறித் தேடி எடுத்துவந்தாள். பிரிக்காத காகித உறையோடு கிடந்தது. உள்ளே ரப்பர் இறுகி, விரலோடு விரல் ஒட்டி, அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. அம்மா ஒன்றைப் பிரித்துக் கையை நுழைக்கப் பார்த்தாள். மணிக்கட்டு வரைக்கும்கூடப் போகவில்லை, பொருபொருவென்று நொறுங்கி மடியில் விழுந்தது. அவள் அதையும் கூட்டி அள்ளி ஓரமாக வைத்தாள்.

"என்னம்மா செய்யலாம்?" என்றாள் சுரண்டுகிற பெண், மகளைக் கேட்காமல் அம்மாவைப் பார்த்து. "திறந்ததையெல்லாம் நானே மூடிக் கொடுத்துட்டுப் போறேன்."

"நீ எதுக்கு மூடணும்? நாளைக்கு நான் அடிச்சுக்கறேன். காட்சிதான் முடிஞ்சுபோச்சே." அம்மா பச்சைச் சதுரத்தைக் காட்டினாள். "இத மட்டும் விட்டுரு. இத நான் அடிக்க மாட்டேன்."

"குழுவுக்கு என்னம்மா சொல்றது?" என்றாள் மகள்.

"வந்து பார்க்கச் சொல்லு. அது யாரையாச்சும் பார்த்தா பார்க்கட்டும்."

தையல்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கடையில் துணி கிடக்கிறது என்று யாரிடமோ சொல்வது மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார். பெண் கத்திகளைத் துடைத்து ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினாள். அம்மா தன் கட்டைவிரலை அந்தப் பள்ளத்துக்குள் வைத்துப் பார்த்தாள். அவளுடையது சின்ன விரல், சுற்றிலும் இடம் இருந்தது. எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"மேல போலாமா?" என்றாள் மகள்.

"பசிக்குது" என்றாள் அம்மா.

மகள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். "சோறு ஆக்கி வெச்சிருக்கேன். வா."

"இங்க கொண்டா."

"கூடத்துலயா?"

"கூடத்துலதான்."

மேசையைப் பழைய இடத்துக்குத் தள்ளாமல், சுவருக்கு எதிரே போட்டார்கள். அம்மா அவருடைய முக்காலியில் உட்கார்ந்தாள். அந்தக் கூடத்தில் அவள் தரையில் இல்லாமல் முக்காலி போட்டு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மகள் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். அம்மா பிசைந்து ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். விழுங்கினாள். இரண்டாவது வாய் பாதியில் கை நின்றது. கண்ணிலிருந்து வழிந்து மூக்கோரமாக இறங்கி வாய்க்குள் போவதை அவள் துடைக்கவில்லை.

"என்னம்மா?" என்று குனிந்தாள் மகள்.

"உப்பே போடலியேடி" என்றாள் அம்மா.